குறை சொல்ல ஏழு பேர்

நூற்றுக்கு நூறு வாங்கியதற்காக ஒரு மனிதரைக் கூப்பிட்டு வைத்து விசாரிப்பார்கள் என்று அழகப்பன் கனவிலும் நினைத்ததில்லை.

"ஏழு மாணவர்கள். ஏழு பேரும் நூறு," என்றார் துணைப் பதிவாளர் ஹாலோவே. மேஜைமேல் ஏழு பாரங்கள், மாணவர்கள் நிரப்பிய மதிப்பீட்டுத் தாள்கள், குப்புறக் கிடந்தன. "எனக்குப் பாடம் சொன்னவர்களில் இரண்டு பேர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள். அவர்களுக்கே நான் அறுபதுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன்."

அழகப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளைகள் அன்பாக..." என்று ஆரம்பித்தார்.

"நான் அன்பைக் கேட்கவில்லை. மதிப்பீட்டைக் கேட்டேன்."

அது 1962. ஹாலோவே விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஏதோ ஒரு மாநாட்டிலிருந்து ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் தரம் உயர வேண்டுமானால், பாடம் நடத்துகிறவரைப் பற்றிப் பாடம் கேட்கிறவர்களிடமே கேட்க வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பெரிய பேராசிரியர்கள் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே, வேலை இன்னும் நிரந்தரமாகாத சின்ன ஆட்களிடம் முதலில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தமிழ்த் துறையில் அப்படிப்பட்ட சின்ன ஆள் ஒரே ஒருவர்தான்.

அழகப்பனின் மூன்று வருடத் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அவருடைய மனைவி சந்திரமதி, ரேஸ்கோர்ஸ் ரோடு முழுக்க "எங்க வீட்டுக்காரரு யுனிவர்சிட்டியில" என்று சொல்லி வைத்திருந்தாள். இங்கே வேலை நிரந்தரமாகவில்லை என்றால் அங்கே பழைய இடம் காலியாக இல்லை. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

மதிப்பீட்டுக்கு விதிகள் உண்டு. பத்துக் கேள்வி, கேள்விக்குப் பத்து மார்க்கு, கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். மாணவர்கள் பெயர் எழுதக் கூடாது. எழுதும்போது விரிவுரையாளர் அறையில் இருக்கக் கூடாது. எழுதிய பாரங்களைத் துறைப் பியூன் உறையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால், குறிப்புகளை ஆபீசில் ஒரு தமிழ் எழுத்தர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த மார்க்கு எவ்வளவு என்று விரிவுரையாளர் மாணவர்களிடம் மூச்சு விடக் கூடாது.

ஹாலோவே தட்டச்சுத் தாளை எடுத்து வாசித்தார். "'தேநீர் குடித்த தம்ளரைத் தானே கழுவி வைப்பார்.' 'மழை வந்தால் ஜன்னலை அவரே சாத்துவார்.' 'குரல் வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.' 'சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார்.' இது என்ன, மிஸ்டர் அழகப்பன்? பாடத்தைப் பற்றிய கருத்தா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்த கருத்தா?"

அழகப்பனுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. தம்ளர் கழுவுவதைப் பிள்ளைகள் எப்போது பார்த்தார்கள்?

"நீங்கள் பக்கத்தில் நின்று எழுத வைத்தீர்கள் என்று குழு நினைக்கும். நானும் நினைக்கிறேன்," என்றார் ஹாலோவே. "திங்கட்கிழமை குழு கூடுகிறது. அதற்குள் மறுபடி எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு உண்மையான பாரங்கள் வேண்டும். ஒரு குறையும் இல்லாத விரிவுரையாளரை நான் நிரந்தரமாக்க மாட்டேன்."

துறைக்குத் திரும்பியபோது வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் நாகூர் கனி, தமிழ்ப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அழகப்பன் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த ஸ்டூலில் அந்தப் பேப்பரோடுதான் இருப்பார். காலையில் பிரித்த பக்கம் மத்தியானம் வரைக்கும் அதே பக்கமாக இருக்கும்.

"துரை என்ன சார் சொன்னாரு?"

"நூத்துக்கு நூறு, பாய்."

நாகூர் கனியின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லா! அப்ப நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். அதனாலதான் வேலை போகப் போகுது."

நாகூர் கனி கையிலிருந்த தேநீர்த் தட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பாதித் தேநீர் தட்டில் கொட்டியது. "நூறு வாங்கினா வேலை போயிடுமா சார்? பாஸ் மார்க்கு எவ்வளவுதான் வச்சிருக்காங்க?"

அழகப்பன் தம்ளரை எடுத்துக்கொண்டார். தேநீரைக் குடித்தார், தம்ளரைக் கழுவி வைத்தார், வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வகுப்பில் அவர் கரும்பலகையைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"நீங்க எழுதின பாரத்தைப் பத்தி ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க," என்று கரும்பலகையிடம் சொன்னார். "அவங்களுக்குத் திருப்தி இல்லை. என் வேலை நிரந்தரமாகிறதே சந்தேகம்தான். நான் உங்களைக் குறை சொல்லல. மார்க்கைப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் எழுதணும். அதுக்கு முன்னால என்கிட்ட என்ன குறைன்னு நீங்க வாயைத் திறந்து சொன்னா எனக்குப் பெரிய உதவியா இருக்கும். சரி, ஒண்ணுமில்லைன்னு தெரியுது. பாடத்துக்குப் போவோம்."

திரும்பிப் பார்த்தபோது ஏழு பேரும் இடி விழுந்தவர்களாய் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத் தொழிலாளி மகன் மாணிக்கம், எதற்கெடுத்தாலும் எதிர்க் கேள்வி கேட்கிறவன், தலையை நிமிர்த்தவே இல்லை. நஃபீசா கைக்குட்டையை எடுத்தாள்.

அழகப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வாத்தியாரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல இந்தப் பிள்ளைகளுக்கு மனசு வராது. இப்படி வளர்த்துவிட்டார்கள் பெற்றவர்கள்! நல்ல வளர்ப்புதான், ஆனால் அந்த வளர்ப்பே அவருக்கு வினையாகிவிட்டது.

சொல்ல மனசு வராவிட்டால், சொல்லும்படி நாமே நடந்துகொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

புதன்கிழமை வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாகப் போனார். மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. நியாயமாகப் பார்த்தால் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கோப்பி குடிக்கப் போயிருக்க வேண்டும். ஏழு பேரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கம் எழுந்து, "பரவாயில்லை சார். பஸ் கெடைச்சிருக்காது. நாளையிலேர்ந்து நான் ஸ்டாப்புக்கு வந்து நிக்கிறேன்," என்றான்.

அழகப்பன் அடுத்த ஆயுதத்தை எடுத்தார். கரும்பலகையில் 'நிலப் பிரிவு' என்று எழுதி, "தமிழர்கள் நிலத்தை நான்காகப் பிரித்தார்கள்," என்றார். "குறிஞ்சி, முல்லை, மருதம், பாலை. அவ்வளவுதான்." சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில், கடலுக்குரிய நெய்தலையே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதை விடாது. சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஏழு பேனாக்களும் எழுதின.

"மாணிக்கம், நாலுதானே?" என்றார் ஆசையோடு.

மாணிக்கம் நோட்டைப் பார்த்துக்கொண்டான். அவனுடைய அப்பா இருபது வருடமாகக் கடலில்தான் சோறு சாப்பிடுகிறார். "ஆமா சார். நாலுதான்."

கடைசி ஆயுதம் கோபம். கோபமே வராத மனிதர் கோபப்படுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். நஃபீசாவின் கட்டுரையைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் ஒரு கையெழுத்தா?" என்று கத்தினார். அது முத்து முத்தான கையெழுத்து. கத்தும்போதே அவருக்குத் தெரிந்தது, குரலும் உடைந்தது. நஃபீசா எழுந்து நின்று, "என் தப்புதான் சார்," என்றாள். அழகப்பனுக்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் போலிருந்தது. மணி அடித்தது. மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வெளியே போனார். அது பழக்கம், அவருக்கே தெரியாமல் நடப்பது.

அன்று சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் ரோட்டு வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பூவம்மா நின்றுகொண்டிருந்தாள். மாணிக்கத்தின் அம்மா. ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, இன்னொரு கையில் கோழிக்கறி நிரப்பிய அடுக்குப் பாத்திரம்.

"ஐயா, என் புள்ள ராத்திரி சோறு திங்கல," என்று வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இன்னிக்கு வந்து 'சார் கடலையே மறந்துட்டாரும்மா'ன்னு அழுவுறான். புள்ளைங்க ஏதோ எழுதப் போயி உங்க உத்தியோகத்துக்கே மோசமாயிடுச்சாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. உள்ள வாங்க. பிள்ளைங்க ரொம்ப நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அதுதான் பிரச்சினையே."

பூவம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு நொந்து போயிருக்கிறப்பவும் 'நல்லா எழுதியிருக்காங்க'ன்னு சொல்றீங்க பாருங்க. உங்க மனசு யாருக்கு வரும்!" என்று சொல்லி, அடுக்கை சந்திரமதி கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

"நான் என்ன சொல்லிட்டேன்னு இந்தம்மா அழுவுது?" என்றார் அழகப்பன்.

சந்திரமதி அடுக்கைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "அவங்க எதுக்கு அழுதாங்களோ எனக்குத் தெரியாது. கறி நல்லா இருக்கு."

ஆனால் பூவம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஹாலோவேயிடமிருந்து டெலிபோன் வந்தது. போனால், அவர் மேஜைமேல் நான்கு பக்க விண்ணப்பம் ஒன்று கிடந்தது. 'எங்கள் ஆசிரியர் அழகப்பன் அவர்களை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை' என்று நல்ல ஆங்கிலத்தில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே ஏழு மாணவர்களின் கையொப்பம். அதற்குக் கீழே தேக்கா மார்க்கெட்டிலிருந்து முப்பத்தெட்டுப் பேரின் கையொப்பமும் கைநாட்டும். மீன் கடைச் சீனர்கூடத் தம் மொழியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"காய்கறிக் கடைக்காரர்களுக்கும் நீங்கள்தான் பாடம் நடத்துகிறீர்களா?" என்று கேட்டார் ஹாலோவே.

"சார், எனக்கு இது சத்தியமாகத் தெரியாது."

"நாளைக்கு வருகிற பாரங்களும் நூறு நூறாக இருந்தால், திங்கட்கிழமை நான் குழுவிடம் சொல்லப் போவது ஒரே ஒரு வாக்கியம்தான்." வாக்கியம் என்ன என்று அவர் சொல்லவில்லை. அழகப்பனும் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் சந்திரமதியிடம் ஒன்று விடாமல் சொன்னார். "குறை, குறைன்னு கேக்கிறாங்க. என்கிட்ட ஒரு குறைகூடவா இல்லை? யாராவது சொன்னாத்தானே?"

"குறைதானே வேணும்? பேப்பர், பென்சிலு எடுங்க."

"உனக்குத் தெரியுமா? நீ என் வகுப்புக்கு வந்ததே இல்லை."

"ஒம்பது வருஷமா உங்க வகுப்புலதானே இருக்கேன். எழுதுங்க. ஒண்ணு, கேள்வி கேட்டா பதிலுக்கு நிக்க மாட்டீங்க, நீங்களே பதில் சொல்லிடுவீங்க."

"எப்ப அப்படிச் செஞ்சேன்? செஞ்சிருக்க மாட்டேன்."

"இப்பத்தான்."

அழகப்பன் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு, ஆளைப் பாத்துப் பேச மாட்டீங்க. என்கிட்ட பேசறப்ப காலண்டரைப் பாப்பீங்க. அங்க எதைப் பாக்கிறீங்களோ. மூணு, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க. நாலு..." ஏழு வரைக்கும் போனாள். மூச்சு வாங்கவே இல்லை. ஏழாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. "ஏழு, உங்களுக்குப் பயம். சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தப்ப சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவீங்க. பெரிய புள்ளைங்கன்னதும் பயந்துட்டீங்க. அதுங்க உங்களைவிட அதிகமா படிச்சிருக்கும்னு பயம்."

அழகப்பன் காலண்டரைப் பார்த்தார். பிறகு, அதைப் பார்ப்பது தெரிந்து, அவளைப் பார்த்தார். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. வலித்தது. ஆனால் மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அதோடு இறங்கியும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, வகுப்புக்குப் புதுப் பாரம் எடுக்கத் துறை அலமாரியைத் திறந்தார். ஏழு மாணவர்களுக்கு முப்பது பாரம் வந்திருந்தது. ஏழு போக இருபத்து மூன்று இருக்க வேண்டும். எண்ணினால் பதினாறுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் பதினாறு. பள்ளிக்கூட நாளிலிருந்தே கணக்கில் அவர் சுமார்தான். விட்டுவிட்டார்.

"பாய், இன்னிக்கும் நீங்கதான் உறையைக் கொண்டு போகணும்," என்றார்.

நாகூர் கனி ஸ்டூலிலிருந்து எழுந்தார். சில நாளாக மனிதர் ஒரு மாதிரியாகவே இருந்தார். "சார், நான் கொண்டு போறதைவிட வேற யாராச்சும்..."

"விதி அப்படி. உங்களைத் தவிர யார் இருக்காங்க?"

"சரி சார்," என்று முனகினார். "உறையை முதல்லயே நல்லா ஒட்டிடச் சொல்லுங்க சார். பிள்ளைங்களையே ஒட்டச் சொல்லுங்க."

வகுப்புக்குள் போன அழகப்பன் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்து ஏழு பேருக்கும் எதிரே போட்டு உட்கார்ந்தார். அவர்களைப் பார்த்தார். நஃபீசா கண்ணாடி போட்டிருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மாணிக்கத்தின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அவன் செங்கல் துண்டு வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது.

"முதல்ல நஃபீசாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். உன் கையெழுத்துல ஒரு குறையும் இல்லைம்மா. நெய்தலை விட்டுட்டேன்; நிலம் அஞ்சு, நாலு இல்லை. இதையும் திருத்திக்குங்க." பையிலிருந்து சந்திரமதியின் பட்டியலை எடுத்தார். "என் குறை என்னன்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க சொல்லல. அதனால என்னை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

வாசித்தார். ஒன்று, கேள்வி கேட்டுவிட்டு நானே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மூன்று, மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, ஏழு பேரும் ஒருவரை ஒருவர் திகைப்போடு பார்த்துக்கொண்டார்கள். ஏழாவதுக்கு வந்ததும் அங்கேயே நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். ஆனாலும் வாசித்தார். "ஏழு, எனக்கு உங்களைக் கண்டா பயம்."

பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

"இதுல ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

'இல்லைன்னு தெரியுது' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் வாழ்நாளில் இவ்வளவு நேரம் ஒரு பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

நஃபீசா மெல்லக் கையைத் தூக்கினாள். "சார், உங்களுக்கு எங்கமேல கோபம் இல்லையா?"

"கோபமா? உண்மை எழுதினா நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன்."

"அப்ப மனசுல உள்ளதையே எழுதலாமா சார்?" என்றான் மாணிக்கம். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எழுதலைன்னாத்தான் ஆகும்."

"ஒண்ணு விட்டுப் போச்சு சார்," என்றான் மாணிக்கம். அவன் பழைய மாணிக்கமாகிவிட்டான். "கரும்பலகையில நீங்க எழுதுறது உங்களுக்கு மட்டும்தான் சார் தெரியும். உங்க முதுகு மறைக்குது லா."

வகுப்பு சிரித்தது. அழகப்பனும் சிரித்தார். அந்த அறையில் எட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பாரங்களைக் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார். பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே உறையை ஒட்டினார்கள். நாகூர் கனி அதை இரண்டு விரலால் பிடித்து, கையை நீட்டி, உடம்பில் படாமல் ஆபீசுக்குக் கொண்டு போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஹாலோவே எழுந்து நின்று கை கொடுத்தார்.

"ஐம்பத்தாறு!" என்றார். "சராசரி ஐம்பத்தாறு, மிஸ்டர் அழகப்பன். இதை நான் நம்புகிறேன். குழுவும் நம்பியது. உங்கள் மாணவர்கள் கண் உள்ளவர்கள். அவர்கள் சொல்கிறபடி செய்தால் உங்கள் துறை உருப்படும். வேலை நிரந்தரம்." பிறகு தட்டச்சுத் தாளை நீட்டினார். கடைசிக் குறிப்பு இப்படி இருந்தது: 'வெள்ளிக்கிழமை எங்களைப் பார்த்துப் பேசினார். தினமும் அப்படிப் பேசினால் எண்பது போடலாம்.'

அழகப்பன் அந்த ஒரு வரியை நடந்துகொண்டே நாலு தடவை வாசித்தார். ஐம்பத்தாறு மார்க்கு ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

விஷயம் தெரிந்ததும் பூவம்மா ஒரு கூடை வடையோடு வந்துவிட்டாள். வகுப்பறையிலேயே எல்லாரும் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். நாகூர் கனி தேநீர் கொண்டு வந்து ஆளுக்கு ஒரு தம்ளராகக் கொடுத்தார். வேலை நிரந்தரம் என்று கேட்டதிலிருந்து அவர் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

அழகப்பன் தம்ளரோடு எழுந்து நின்றார். கரும்பலகையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தார்.

"இனி சொன்னாத் தப்பில்லை. முதல் தடவை நீங்க ஏழு பேரும் எனக்கு நூத்துக்கு நூறு போட்டீங்க. அது உங்க அன்பு, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை போட்டீங்களே ஐம்பத்தாறு, அதுதான் என்னை வாத்தியாராக்கினது. அந்தத் தைரியம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

மாணிக்கம் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது.

"நூறா? யாரு சார் நூறு போட்டது?" என்றான். "நான் போட்டது நாப்பத்தெட்டு. ரெண்டு தடவையும் அதேதான்."

"நான் ஐம்பத்தொண்ணு சார்," என்றாள் நஃபீசா. "முதல் தடவையும் முதுகு மறைக்குதுன்னுதான் எழுதினோம். அதனாலதான் உங்க வேலை போகப் போகுதுன்னு நெனச்சு, நாங்க அந்த விண்ணப்பமே எழுதினோம்."

அழகப்பன் ஏழு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் விளையாடவில்லை. வாசல் பக்கம் தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. எல்லாரும் திரும்பினார்கள்.

நாகூர் கனி தட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளைங்க எழுதினது என் பெட்டியில பத்திரமா இருக்கு சார்," என்றார். "மூணு வருஷமா இந்த வாசல்ல உக்காந்து ஒரு நாள் விடாம நானும் உங்க பாடத்தைக் கேக்குறேன். எனக்குன்னு ஒரு பாரம்கூட யாரும் குடுக்கலியே, அதான் ஏழு பாரத்தையும் நானே எழுதிட்டேன்."